ஓடைக்கரைக் கூடு நடுத்தோப்பில் விழுந்தது

ஓடைக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்த கூடு அது. மாசி மாதம், கணுக்கால் வரை தண்ணீர். செருப்பை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் நோட்டில் குறித்தேன். அப்பா காவல் காக்கும் தோப்பின் கடைசி மரம். அதற்கு அந்தப் பக்கம் மரமே கிடையாது, ஓடைதான். சில மாதம் கழித்து அந்தக் கூட்டைக் கணினியில் முதன்முதலாகப் புள்ளியாகப் போட்டபோது, அது ஓடையை விட்டு ஐந்து மரம் தள்ளி, தோப்புக்கு நடுவில் போய் உட்கார்ந்தது.

அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே இடம். மென்பொருள் சரியில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். அப்பா ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்புகளில் காவல்காரர். அம்மாவுக்கு பேண்டேஜ் துணி மடித்து அடுக்கும் வேலை. இரண்டு பேரும் கையெழுத்துப் போடப் பழகியதே நான் ஆறாவது படிக்கும்போது, என் பள்ளிக்கூடப் படிவங்களுக்காகத்தான். எங்கள் தெருவில் யாருக்கு எந்த விண்ணப்பம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். வராமல் வேறு யாரிடமாவது போனால் எனக்குக் கோபம் வரும். அப்படிப்பட்டவள் விலங்கியலில் முதுகலையும் முடித்துவிட்டால் தன்மேல் தப்பு இருக்கும் என்று யோசிப்பாளா?

என் பேராசிரியர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். மேடம் என்றுதான் கூப்பிடுவேன். சாம்பல் நிறத்தில், பூனை நீளத்துக்கு இருக்கும் பெரிய அணில் ஒன்று எங்கள் மலைப்பக்கத்தில் உண்டு. காட்டுக்குள் அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். காட்டை விட்டு இறங்கித் தனியார் தோப்புகளில் அது எங்கெங்கே கூடு கட்டுகிறது, கூட்டுக்கும் கூட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. கூடுகளை மேப்பில் வைத்து, அறிக்கை எழுதி, அடுத்த மார்ச் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். அது ஒப்புக்கொள்ளப்பட்டால், மேடத்திடம் காலியாக இருந்த ஒரே ஒரு முனைவர் பட்ட இடம் உதவித்தொகையோடு எனக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு.

தோப்புக்குள் நுழைவதுதான் பெரும்பாடு. குத்தகைக்காரர்களுக்குப் படம் பிடிக்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. அணில் இருக்கிறது என்று தெரிந்தால் ஏதாவது ஆபீசிலிருந்து ஆள் வந்து மருந்து அடிக்காதே, வலை கட்டாதே என்பார்கள் என்ற பயம். அப்பா ஒவ்வொரு தோப்பாகப் போய்ப் பேசினார். சேத்தூர்ப் பக்கம் ஒரு குத்தகைக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே அப்பாவிடம் கேட்டார்.

"உம்ம மக அணிலத்தானே பாக்கணும்? பாத்துட்டுப் போகட்டும். போன், கேமரா ஒண்ணும் உள்ள வரக் கூடாது."

"வராதுய்யா. மோட்டார் ரூம்ல வச்சுட்டுத்தான் வரும். நான் பொறுப்பு."

"நீரு பொறுப்புங்கீரு. உம்ம மக நம்மளயெல்லாம் இங்கிலீஷ்ல எழுதி அனுப்பிச்சுன்னா என்ன செய்ய?"

"அது இங்கிலீஷ்ல எழுதுனா எனக்கும்தான் தெரியாது" என்றார் அப்பா. குத்தகைக்காரர் சிரித்துவிட்டார். கதவு திறந்தது.

அப்பா கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. ஒன்பது தோப்பிலும் போனை மோட்டார் ரூமில் வைத்தேன். மோட்டார் ரூம் வாசலின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் போனில் எடுத்துக்கொண்டேன். உள்ளே போய், கூடு இருக்கும் மரத்தை வரிசைக் கணக்கில் குறித்தேன். 'மேற்கே நாலாவது வரிசை, பதினோராவது மரம்.' மாமரங்களைச் சம இடைவெளி விட்டுத்தான் நட்டிருப்பார்கள். கயிறு பிடித்து அந்த இடைவெளியையும் அளந்துகொண்டேன். வரிசை எண்ணும் மர எண்ணும் தெரிந்தால், மோட்டார் ரூமிலிருந்து கூடு இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். இந்த வழியை நானே யோசித்தேன். மேடத்தின் மற்ற மாணவர்களுக்கு ஒரு தோப்பை முடிக்க ஒரு நாள் ஆகும். நான் மத்தியானத்துக்குள் முடித்துவிடுவேன். தோப்பில் மரம் எண்ணுவது எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே வந்த பழக்கம்.

மேடம் ஒருமுறை கேட்டார், "எல்லாக் கூட்டுக்கும் ஜி.பி.எஸ். எடுத்தியாம்மா?"

"எடுத்தேன் மேடம்" என்றேன். மோட்டார் ரூமுக்கு எடுத்திருந்தேன். போனை உள்ளே கொண்டுபோக விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். காவல்காரன் மகள், குத்தகைக்காரனுக்குப் பயந்தாள் என்று நினைப்பாரோ என்று சொல்லவில்லை.

மென்பொருள் வாங்க அந்தத் திட்டத்தில் பணம் கிடையாது. "ஏதாவது ஒண்ணு நீயே பாத்துக்கோம்மா" என்று மேடம் சொல்லிவிட்டார். என்னிடம் இருந்தது பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப். எம் எழுத்துப் பட்டன் உதிர்ந்துபோய் அந்த இடத்தில் ரப்பர் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். பாட்டரி செத்துவிட்டது. கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த பாயிடம் கேட்டேன். அவர் ஒரு பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பெரிய கம்பெனிச் சரக்கும்மா. ஒலகத்துல பாதி மேப்பு இதுலதான் போடுதாக. பூட்டை ஒடைச்சது. ஏத்தி விட்டுருதேன்."

"திருட்டுச் சரக்கா பாய்?"

"திருடுனவன் எந்த நாட்டுல இருக்கானோ. நான் பெட்டியில ஏத்துதேன், அம்புட்டுத்தான்."

"வேண்டாம் பாய். நாளைக்கு என் ஆராய்ச்சியை ஒருத்தன் கொறை சொல்லக் கூடாது."

அவர் பென் டிரைவை எடுத்து மேஜைக்குள் போட்டார். "இப்பிடிச் சொல்லுத ஆளு இந்தக் கடைக்கு வந்ததே இல்ல. செத்த நேரம் உக்காரும்மா, ஓசியில கெடைக்கிறது ஒண்ணு இருக்கு, இறக்கித் தாரேன்."

அப்படித்தான் முதல் மென்பொருள் வந்தது. யாரும் காசு கேட்காத, உலகத்தில் பலபேர் சேர்ந்து எழுதிய மென்பொருள். அதில் இல்லாத வசதியே இல்லை. ஆனால் என் லேப்டாப் அதைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கியது. செயற்கைக்கோள் படத்தைப் பின்னால் விரித்தால் திரை உறைந்துவிடும். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் அப்படியே நிற்கும். அதில்தான் ஓடைக்கரைக் கூடு நடுத்தோப்பில் விழுந்தது. இன்னும் நாலைந்து கூடுகளும் நான் பார்த்த இடத்தில் இல்லை. ஓசியில் கிடைப்பது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்த மென்பொருளை எழுதியவர்களிடம் இப்போது மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுடையது. முப்பது நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் சேமிக்க முடியாது, அச்செடுக்கவும் முடியாது, படத்துக்குக் குறுக்கே சாம்பல் எழுத்தில் கம்பெனிப் பெயர் ஓடும். முழு விலை கொடுக்க அம்மா ஒரு வருடம் துணி மடிக்க வேண்டும். மேப் போட்டு முடித்ததும் திரையைப் போனில் படம் பிடித்துக்கொள்வேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் நிறுத்திய நாளில் போட்டதெல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். முப்பதாம் நாள் வரை ஓடைக்கரைக் கூடு நடுத்தோப்பில்தான் இருந்தது. டிகிரிக் கணக்கை மீட்டராக மாற்றும்போது மென்பொருள் குழப்புகிறது என்று எங்கோ படித்ததை நம்பினேன். அந்த ஒரு சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதமும் போயின.

அதன்பிறகுதான் முறையாகத் தேடினேன். நோட்டின் கடைசிப் பக்கங்களில் கட்டம் போட்டு, ஏழெட்டு மென்பொருள்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அந்தக் கட்டத்தைத்தான் சொல்வேன். விலையை முதலில் பார்க்காதீர்கள். உங்களிடம் இருக்கும் பழைய பெட்டியில் ஓடுமா, நெட் இல்லாத நேரத்தில் வேலை செய்யுமா, நீங்கள் போட்டதை வேறு மென்பொருள் வைத்திருப்பவர் திறக்க முடியுமா, இந்த மூன்றையும் பாருங்கள். விலை அதற்குப் பிறகு. மூன்றுக்கும் ஆமாம் என்று சொன்ன ஒன்று கிடைத்தது. சின்னக் கம்பெனி. ஒருமுறை காசு கட்டினால் போதும், வருடா வருடம் கேட்க மாட்டார்கள்.

மாணவர்களுக்குப் பாதி விலை. அதற்குக் கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரி வேண்டும். எங்கள் கல்லூரி யாருக்கும் அப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை. அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். மிகவும் மரியாதையாக, முடியாது என்று பதில் வந்தது. முழு விலைக்கு வாங்கினேன். என் ஏ.டி.எம். கார்டு வெளிநாட்டுக்குப் போகாது. பாய் தன் கார்டில் கட்டி, என்னிடம் ரொக்கமாக வாங்கிக்கொண்டார்.

"கடைக்கு வந்து காசு குடுத்து சாப்ட்வேர் வாங்குன மொத ஆளு நீதாம்மா" என்றார். "போட்டோ எடுத்து மாட்டணும்."

உரிமத்தில் என் பெயர் ஆங்கிலத்தில் வந்தது. பத்துத் தடவையாவது திறந்து பார்த்திருப்பேன்.

மேப் அழகாக வந்தது. தோப்புகள் பச்சை, ஓடை நீலம், கூடுகள் சிவப்பு. எல்லாம் ஏதோ ஒரு மரத்தின்மேல் சரியாக விழுந்திருந்தன. ஆனால் ஓடைக்கரைக் கூடு இப்போதும் ஓடைக்கரையில் இல்லை. தை பிறந்துவிட்டது. மார்ச் கடைசிக்கு இரண்டரை மாதம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட்டுக் கை கழுவி வந்து, என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, இது நம்ம தோப்புல்லா? மோட்டார் ரூம் தகரம் மின்னுதே."

"ஆமாப்பா. மேலயிருந்து எடுத்தது. சேட்டிலைட்டு."

அப்பா சிரித்தார். "போனைக் கொண்டு போகக் கூடாதுன்னு அந்தச் சேத்தூர்க் குத்தகைக்காரன் எம்புட்டுக் குதி குதிச்சான். ஒருத்தன் ஆகாசத்துல இருந்து பூராத்தையும் எடுத்து வச்சிருக்கான். அவன்கிட்டப் போயிக் கேக்க வேண்டியதுதானே."

"ஓடைக்கரைக் கூடு பதினாலாவது மரம்னுதானே குறிச்சோம்? எண்ணிக் காட்டுங்கப்பா."

ஈரம் போகாத விரலை வேட்டியில் துடைத்துவிட்டுத் திரையில் வைத்தார். மோட்டார் ரூமிலிருந்து ஒவ்வொரு மரமாகத் தொட்டார். "ஒண்ணு. ரெண்டு. மூணு." நாலாவது மரத்தின்மேல் விரல் நிற்கவில்லை. அதைத் தாண்டி அடுத்ததைத் தொட்டு "நாலு" என்றார். இன்னும் சில மரம் தள்ளி மறுபடியும் ஒன்றைத் தாண்டினார். "பதினாலு" என்று சொல்லும்போது விரல் ஓடைக்கரையில், கடைசி மரத்தில் இருந்தது. தாண்டியவை மொத்தம் ஐந்து.

"ஏன்ப்பா தாண்டுறீங்க?"

"எத?"

"நடுவுல அஞ்சு மரத்த விட்டுட்டீங்க."

"அது காய்க்காத மரம்லா தாயி. போன வருசம் அதுல ஒரு பூ இல்ல. அத யாரு எண்ணுவா?"

மாந்தோப்புக் குத்தகை பூப் பிடித்த மரங்களுக்குத்தான். மாசியில் தோப்புக்குச் சொந்தக்காரரும் குத்தகைக்காரரும் காவல்காரரும் சேர்ந்து நடந்து எண்ணுவார்கள். பூக்காத மரம் எண்ணிக்கையில் வராது. அந்த வருடத்துக்கு அது மரமே இல்லை. சின்ன வயதில் லீவு நாட்களில் அப்பா பின்னாலேயே போய் நானும் அப்படித்தான் எண்ணினேன். ஐந்து வயதில் பழகிய கண், பட்டம் வாங்கிய பிறகும் பூக்காத மரத்தைத் தாண்டியிருக்கிறது. தாண்டினேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. ஒன்பது தோப்பிலும் மத்தியானத்துக்குள் முடித்தேன் என்று பெருமைப்பட்டேனே, அந்த வேகம் அதுதான்.

நோட்டை எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது. 'பதினொண்ணுக்கு அடுத்தது.' இன்னொரு பக்கத்தில், 'ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்.' சமமாக நட்ட வரிசையில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் மரம் எப்படி வரும்? பூக்காத மரத்தில் கூடு இருந்தபோதெல்லாம் இப்படி எழுதிவைத்திருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு உறைக்கவில்லை. மூன்று மென்பொருள்களும் நான் சொன்ன இடத்தில்தான் புள்ளி வைத்தன.

"என்ன தாயி, மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு?" என்றார் அப்பா.

"ஒண்ணும் இல்லப்பா."

அப்பா காவல் காத்த தோப்பை அவர் ஞாபகத்தை வைத்தே ஒரே மத்தியானத்தில் திருத்திவிட்டோம். மற்ற எட்டுத் தோப்புகளில் போன வருடம் எந்த மரம் பூக்கவில்லை என்று யாருக்குத் தெரியும்? ஒரு வருடம் பூக்காதது அடுத்த வருடம் பூக்கும். அந்த மாசியில் மரங்கள் பூத்து நின்றன, ஆனால் வேறு மரங்கள். போன வருடத்துக் கூடுகள் மழையில் கலைந்துவிட்டன, புதிதாகத் தேடி எண்ண நாளும் இல்லை. அப்பாவும் நானும் பைக்கில் போனோம். சோழபுரம் பக்கம் ஒரு காவல்காரர் யோசித்து யோசித்துச் சொன்னார். அவர் சொன்ன கணக்குப்படி ஒரு கூடு வேலியைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. சேத்தூர்த் தோப்பில் குத்தகை கை மாறியிருந்தது. புது ஆள் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

"உம்ம மக தோப்பையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துதாம்லா."

"அணில் கூட்டத்தான்ய்யா."

"அணிலு மரத்துலதானே இருக்கு? மரம் தோப்புலதானே இருக்கு? போயிட்டு வாரும்."

திரும்பும்போது அப்பா பைக்கை மெதுவாக ஓட்டினார். இருபது வருடம் தோப்புக் கதவுகளைத் திறந்து மூடியவரை ஒருவர் வெளியில் நிறுத்தி அனுப்பியதை நான் அன்றுதான் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் மரமே இல்லை. மஞ்சள் பூசிய கல் நட்டு, வீட்டு மனையாகப் பிரித்திருந்தார்கள். சேத்தூர்த் தோப்பு மூடியிருந்தது, இந்தத் தோப்பு இல்லவே இல்லை. என் நோட்டில் அந்த மனைகளுக்குள் ஆறு கூடுகள் இருக்கின்றன.

பாயிடம் லேப்டாப் விசிறியைச் சரிசெய்யப் போனபோது சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"பாத்தா தப்புன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. எல்லாம் மரத்து மேலதான் விழுந்திருக்கு."

"பொறவென்ன? எவன் வந்து தோப்புல நின்னு எண்ணப் போறான்? குடுத்துட்டு சீட்டை வாங்கும்மா."

திருட்டு மென்பொருள் வேண்டாம் என்று அதே கடையில் உட்கார்ந்து பேசியவள் நான். பஸ்ஸில் வரும்போது அவர் சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். கொடுத்துவிடலாம் என்றுதான் இறங்கும்வரை நினைத்தேன். இதை இங்கே மறைத்து எழுத மனம் வரவில்லை.

அப்படிக் கொடுக்கக் கை வராமல், மார்ச் இரண்டாம் வாரம் மேடம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். போன், மோட்டார் ரூம், பூக்காத மரம், எட்டுத் தோப்பு. அவர் நோட்டை வாங்கி அந்தப் பக்கங்களைப் பார்த்தார். திட்டவில்லை.

"ஜி.பி.எஸ். எடுத்தியான்னு அன்னிக்கே கேட்டேனேம்மா."

"கேட்டீங்க மேடம்."

"உள்ள விடலைன்னு அப்பவே சொல்லியிருந்தா நானே வந்து பேசியிருப்பேன். அதுல என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு தோப்பை வைத்து அறிக்கை எழுத முடியாது என்றார். திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்களிடம் இன்னொரு வருட அவகாசம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டார். கிடைக்கவில்லை. அந்த இடம் வரிசையில் அடுத்து நின்ற பையனுக்குப் போனது. அவன் போன் செய்து, அந்த நோட்டு தனக்குப் பயன்படுமா என்று கேட்டான். பயன்படாது என்றேன்.

உண்மையைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பிறகு படிக்கும் எங்கள் தெருப் பெண்களிடம் அவர்களின் அம்மாமார், 'அதையெல்லாம் படிச்சு என்ன ஆச்சு பாத்தியா' என்று என்னைக் காட்டிப் பேசுவது என் காதுபடவே நடக்கிறது. இப்போது ராஜபாளையத்தில் ஒரு கடையில் ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கிறேன். எம் பட்டன் இல்லாத லேப்டாப் வீட்டில் இருக்கிறது. அந்த மென்பொருளின் உரிமம் என்றைக்கும் காலாவதி ஆகாது. அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

இந்த மாசியில் ஒரு நாள் அப்பா தோப்பிலிருந்து வந்து, பைக்கை நிறுத்துவதற்கு முன்பே சொன்னார்.

"தாயி, இந்த வருசம் ஒரு மரம் பாக்கி இல்ல. அம்புட்டும் பூத்துருக்கு. மத்தத் தோப்புலயும் அப்பிடித்தானாம், கேட்டுட்டேன். இப்ப எண்ணுனா ஒண்ணு விடாம சரியா வந்துரும்லா?"

"வரும்ப்பா" என்றேன்.

"பொறவு?"

எண்ணி யாரிடம் கொடுப்பது என்று அவரிடம் எப்படிச் சொல்ல? சாப்பிட வாங்கப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.